மாமா அனுப்பின கெளுத்தி

இது இல்ல பாப்பா, இது பண்ணக் கெளுத்தி. தலையப் பாரேன், மண்வெட்டியாட்டம் சப்பையா கீது. இத எடுத்துகினு எங்க ஊரு காணைக்குப் போனேன்னு வையி, எங்க வூட்டம்மா அஞ்சலாட்சி வாளிக்குள்ள எட்டிப் பாத்ததுமே கேட்டுடுவா, இது எந்த ஏரியில புடிச்சதுன்னு. எனக்கு நாட்டுக் கெளுத்தி வோணும். வெரல் நீட்டுக்கு மேல போவக்கூடாது. ஒடம்புல நீட்டுவாக்குல கோடு ஓடணும். செவுளுக்குப் பின்னால ஒரு கறுப்புப் பொட்டு இருக்கணும். போன தபா நீதான குடுத்த, மறந்துட்டியா?

தோ, அந்த நீலத் தொட்டியில கீது பாரு, அதான். நானே பொறுக்கிக்கிறேன். நீ உன் யாவாரத்தப் பாரு. நான் இப்படி ஓரமா குந்திக்கறேன். யாருக்கும் எடஞ்சலா இருக்க மாட்டேன்.

கையில புடிச்சிப் பாக்காம எப்படிம்மா எடுக்கறது? நான் விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில மல்லாட்ட மூட்ட எட போட்டவன். ஒரு மூட்டைக்குள்ள கைய வுட்டு நாலு கடலைய ஒடச்சிப் பாக்காம தராசுல ஏத்த மாட்டேன். யாவாரிங்க என்ன சனியன்னுதான் சொல்வானுங்க. சொல்லிட்டுப் போவட்டும்.

இல்ல, செத்தது வோணாம். பொரியலுக்குன்னா பரவால்லன்னு நீ சொல்ற, சரிதான். ஆனா எல்லாம் உசுரோட வூடு போய் சேரணும். ஏன்னா அவ ஒண்ண கையில எடுத்து காதாண்ட வச்சிப் பாப்பா. இந்த மீனு தண்ணிய வுட்டு எடுத்தா முள்ள வெறச்சிகினு கர்ர் கர்ர்னு கத்துமில்ல, அந்த சத்தம் கேக்கணும். கேட்டுச்சின்னா மூஞ்சியே மாறிடும். மாமா குடுத்த மீனுன்னா மாமா குடுத்த மீனுதான் அப்படின்னுவா. கேக்கலன்னா வந்துச்சி வென. இந்தப் பாண்டியிலேருந்து விழுப்புரம், விழுப்புரத்துல வேற பஸ்ஸு மாறி காணை. அது வரைக்கும் இதுங்க கத்தற தெம்போட இருக்கணும். அதான் எனக்கு இப்ப கவலை.

பையில வோணாம், வோணாம். வாளி கொண்டாந்துகீறேன் பாரு. பெயிண்டு வாளிதான். மாமாவோட வாளி. எங்கிட்டயே தங்கிப்போச்சு.

யாரு மாமாவா? எங்க மாமா இல்லம்மா. அவ மாமா. அரங்கநாதன்னு பேரு. மயிலத்துக்கு இந்தாண்ட அவளோட பொறந்த ஊர்ல ஏரி கீது, அந்த ஏரியில மீன் புடிக்கறவன். அஞ்சலாட்சிக்கு ஒண்ணுவுட்ட அத்த பையன். கட்டிக்கிற முறை. பேசி வச்சிருந்தாங்களாம். அப்பறம் எங்க மாமனாரு, வலையும் வாளியும் தவர ஒண்ணும் இல்லாதவனுக்கு எப்படிக் குடுக்கறதுன்னு யோசன பண்ணி, கமிட்டியில சம்பளம் வாங்கறவன்னு எனக்குக் குடுத்துட்டாரு. அதுக்கப்பறம் அவன் கல்யாணமே பண்ணிக்கல. ஏம்பா பண்ணிக்கலன்னா, நேரம் ஒழியல பங்காளின்னுவான். ஏரியில வல போடறவனுக்கு எங்கேருந்துமா ஒழியாம போவும்?

ஆமா, என்ன பங்காளின்னுதான் கூப்புடுவான். முறைக்கு அதான வருது. அவளுக்கு அவன் மாமான்னா எனக்கு அவன் பங்காளி. அந்த வார்த்தையே எனக்கு ஆவாது. பங்காளின்னா பங்கு இருக்கறவன்தான? அவன் வாய் நெறைய பங்காளி பங்காளிங்கறப்ப நான் வேற பக்கம் திரும்பிக்குவேன்.

சிரிக்காத பாப்பா. கேளு. எங்க தெருவுல அத்தினி பொம்பளையும் புருஷன மாமான்னுதான் கூப்புடுவாங்க. உங்க ஊர்லயும் அப்படித்தான? எதிர் வூட்டுக்காரன் குடிச்சிட்டு வந்து வாசல்ல வுழுந்து கெடப்பான். அவன் பொண்டாட்டி தலமாட்டுல குந்திகினு, எந்திரி மாமா, சோறு துன்னு மாமாங்கறா. நான் ஒரு பொட்டு குடிச்சதில்ல. எனக்கு ஏங்க. இல்லன்னா இன்னாங்க. கோவம் வந்தா இந்தா பாருங்க. அவ்ளோதான் எனக்கு எழுதிகீது. ஒரு தபா கூச்சத்த வுட்டு கேட்டுட்டேன். ஏன் அஞ்சலாட்சி, என்ன மட்டும் ஏன் மாமான்னு கூப்புட மாட்டேங்கறன்னு. அவ கேப்பக் கூழு கரைச்சிகினு இருந்தா. திரும்பிக்கூட பாக்கல. அரங்கநாதன் மாமாவ சின்னதுலேருந்து அப்படிக் கூப்ட்டு பழகிடுச்சிங்க, உங்களயும் அப்படியே கூப்ட்டா கொழம்பிடுமில்லன்னா. இன்னா கொழப்பம்ன்றேன். ரெண்டு பேரும் ஒரே வூட்லயா இருக்கோம்?

கலைமதி, உன்ன யாரோ கூப்புடறாங்க பாரு. சங்கரா மீனு கேக்கறாங்க. போய் குடுத்துட்டு வா.

குடுத்துட்டியா? நான் இதுக்குள்ள பாதி பொறுக்கிட்டேன். இது பாரு, சினை வச்சிகீது. தோ இந்த இன்னொண்ணு வோணாம், இது ஏற்கெனவே மல்லாந்து மல்லாந்து வருது.

ஆ... அம்மாடி. குத்திடுச்சி. இல்ல இல்ல, ரத்தம் கொஞ்சம்தான். சுண்ணாம்பும் வோணாம், மஞ்சளும் வோணாம். கடுக்கும், அப்பறம் சரியா பூடும். எனக்கு இது புதுசா இன்னா? ஒவ்வொரு தபாவும் குத்தும். வூட்டுக்குப் போய் வாளியிலேருந்து தொட்டிக்கு மாத்தறப்ப இன்னொரு தபா குத்தும். வெரல ஒதறிகினு நிக்கறேன், அவ இன்னா சொல்றா தெரியுமா? உங்களுக்குப் புடிக்கத் தெரியலங்க, மாமாவ ஒரு நாளும் குத்தினதில்லன்றா. மீனு கூட அவன் பக்கந்தான், பாப்பா. மீனு கூட.

எப்பத்துலேருந்தா? கல்யாணம் ஆன மொத வருஷத்துலேருந்துதான். மாசத்துக்கு ஒருக்கா டிவிஎஸ் வண்டியில வாளிய கட்டிகினு காணைக்கே வருவான். வாசல்ல நிப்பான். உள்ள வா மாமான்னா வர மாட்டான். ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு, மீன குடுத்துட்டு, வர்றேன் பங்காளின்னு போய்டுவான். உள்ள வந்து குந்தினாலாவது ஒரு சண்ட போடலாம். தண்ணி குடிச்சிட்டுப் போறவன இன்னான்னு கேக்கறது? இப்ப ரெண்டு வருஷமா கண்ணு மங்கி வண்டி ஓட்ட முடியலன்னு நின்னுட்டான். சரி, வுட்டுச்சிடா தொல்லன்னு நெனச்சேன். அந்த மாசமே அவ என் சட்டைய இஸ்திரி போட்டு கொண்டாந்து வச்சா. மாமாவால வர முடியாது, நீங்க போய் வாங்கினு வாங்கன்னா. நான் போனேன். ஏன் போனேன்? அதான் எனக்கும் தெரியல. நான் போவலன்னா அவ போயிடுவாளோன்னு பயம். அப்ப முட்டி நல்லா இருந்துச்சி அவளுக்கு.

எனக்கா? எனக்கு கெளுத்தி ருசி தெரியாது. நெசமாத்தான் சொல்றேன். மொத தபா அவன் கொண்டாந்து குடுத்தப்ப அவ மாங்கா போட்டு கொழம்பு வச்சா. வூடே மணக்குது. எல போட்டு ஊத்த வந்தா. எனக்கு எங்கேருந்து அந்த ரோஷம் வந்துச்சோ, எனக்கு கெளுத்தி ஒத்துக்காது, தடிப்பு தடிப்பா வரும்னு சொல்லிட்டேன். சொன்னது சொன்னதுதான். அப்பறம் மாத்திச் சொல்ல வாய் வரல. இன்னி வரைக்கும் இந்த மீனு வர்ற அன்னிக்கு எனக்கு ரசமும் அப்பளமும்தான். அவ எதிர்ல குந்திகினு தலைய உறிஞ்சி, முள்ள தட்டு ஓரத்துல அடுக்கி வச்சி, ஒத்த வெரலால கொழம்ப வழிச்சி நக்குவா. நான் ரசத்த குடிச்சிகினு பாத்துகினு இருப்பேன். கோழி, ஆடு எதத் துன்னாலும் அவ அப்படித் துன்ன மாட்டா. நான் தேடித் தேடி வஞ்சிரம் வாங்கியாந்து குடுத்துகீறேன். நல்லாதாங்க கீதுன்னுவா. நல்லாதான். அந்தத் தான்ல எல்லாம் வந்துடுச்சில்ல?

இரு, போன் அடிக்குது. அவதான். கொஞ்சம் சத்தம் போடாத பாப்பா, யாவாரத்துக்குக் கூவாம கொஞ்சம் இரு.

ஆங், சொல்லு. வந்துட்டேன். ஏரிக்கரையிலதான் இருக்கேன். சத்தமா? அது வந்து, மீன் வாங்க ஆளுங்க வந்துகீறாங்க. ஆமா, நல்ல கூட்டம். நல்லா இருக்காரு. அவருக்கின்னா, நல்லாத்தான் இருக்காரு. இப்பவா? இப்ப எப்படிக் குடுக்கறது, அவரு தண்ணியில நிக்கறாரு. வலைய கழட்டிகினு இருக்காரு. அதான் காது வேற மந்தமாயிடுச்சின்னு சொன்னேனில்ல, போன்ல ஒண்ணும் கேக்காது அவருக்கு. சரி, கேட்டன்னு சொல்றேன். சொல்றேன். ஒடம்ப பாத்துக்க சொல்றேன். சாப்ட்டேன், ரெண்டு இட்லி. மாத்திரையா? அது... போட்டுக்கறேன். வை.

கேட்டாளாம் அவன. ஒடம்ப பாத்துக்க சொன்னா. எனக்கு மாத்திர கடைசியில ஞாபகம் வந்துச்சி.

ஏன் அப்படிப் பாக்கற? ஆமா, பொய்தான் சொன்னேன். அவளப் பொறுத்தவரைக்கும் நான் இப்ப மயிலத்தாண்ட ஏரிக்கரையில அவன் எதிர்ல நின்னுகினு கீறேன். இந்த மீன அவன் புடிச்சிக் குடுக்கறான். உன் கடையில வாங்கறது அவளுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. இது மூணாவது தபா.

மொத தபா மாட்டிகினு இருப்பேன். உங்கிட்ட வரல அப்ப. கோட்டக்குப்பத்துல சர்புதீன்னு ஒருத்தரு, என்கூட கமிட்டியில லாரிக்கு சீட்டு போட்டுகினு இருந்தவரு. அவராண்ட நல்ல கெளுத்தியா வாங்கி வைங்கன்னு சொல்லிட்டேன். அவங்க ஊர்ல கெளுத்தின்னா கடல் கெளுத்திதான? பாவம், அவரு ஆள அனுப்பி படகாண்டையே மொழங்கை நீட்டுக்கு வாங்கி ஐஸ் போட்டு வச்சிருந்தாரு. எனக்கு அங்கியே தெரிஞ்சிபோச்சி. ஆனா அவ்ளோ மரியாதையா வாங்கி வச்சவராண்ட வோணாம்னு சொல்ல கூச்சம். எடுத்துகினு போய்ட்டேன். அஞ்சலாட்சி மூந்து பாத்தா. ஏங்க, ஏரியில எப்ப உப்புத் தண்ணி வந்துச்சின்னா. எனக்கு வேர்த்துடுச்சி. மாமா இன்னிக்கு சும்மா தமாஷுக்கு இத குடுத்தாரு, கடல் மீனும் துன்னு பாக்கட்டுமேன்னாருன்னு சொன்னேன். அவளும் நம்பிட்டா. மாமாவுக்கு எப்பவும் வெளையாட்டுதான்னு சொல்லி சொல்லி சிரிச்சா. நாலு நாளு சிரிச்சா. நான் சொன்ன பொய்யி அது. அதுக்கு சிரிப்பு அவனுக்குப் போவுது.

அப்பறம்தான் இந்த மார்க்கெட்ட சுத்தி உன் கடைய கண்டுபுடிச்சேன். போன தபா வந்தேனே, ரொம்ப நேரம் பொறுக்கறேன்னு நீ கூட பேஜாரு பண்ணாத பெருசுன்னு கத்துன. பரவால்ல, நான் மனசுல வச்சிக்கல. அன்னிக்கு கொண்டு போன மீனு எல்லாம் உசுரோட போச்சி. அவ எடுத்து காதுல வச்சா, கத்துச்சி. மறுநாளு கொழம்புல எல்லாம் சினை. துன்னுட்டு கைய கழுவிகினே சொல்றா, இத்தினி வருஷத்துல இந்த மாதிரி பொறுக்கி எடுத்து மாமா குடுத்ததே இல்லங்க, வயசு ஆவ ஆவ மாமாவுக்கு எம்மேல பாசம் ஜாஸ்தியாயிட்டே போவுதுன்னு.

பொறுக்கினது யாரு? நீ சொல்லு. இந்த ஈரத்துல குந்திகினு, முட்டி மடங்காம, குத்து வாங்கிகினு பொறுக்கினது யாரு? எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சி. மாமா இல்லடி, நான்டி, நான் பொறுக்கினதுன்னு. ரசத்தோட சேத்து முழுங்கிட்டேன். அவன் இருந்த எடத்துல இருந்தே நல்ல பேரு வாங்கறான். நான் பஸ்ஸுல தண்ணி தளும்பாம வாளிய மடியில வச்சிகினு, கண்டக்டராண்ட திட்டு வாங்கிகினு போறேன்.

சொல்லிட வேண்டியதுதானன்னு நீ ஈசியா கேக்கற. சொன்னா அடுத்த கேள்வி இன்னா வரும்? அப்ப மாமாவாண்ட ஏன் போவலன்னு வரும்.

சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. அந்தாளோட யாரும் சண்ட போட முடியாது. நான் எத்தினியோ தபா முயற்சி பண்ணிட்டேன்.

இல்லம்மா, ஏரியும் வத்தல. குத்தகையும் மாறல. அதே தண்ணி, அதே மீனு. நீ விட மாட்ட போலகீது. அந்தப் பாசி கெடக்குது பாரு தொட்டியில, அதுல ஒரு கை எடுத்து வாளியில போடு. மேலாப்புல போடு. மீனு நெழல்ல இருந்தா அடிச்சிக்காது. ஆங், போதும்.

எங்கேருந்தும்மா குடுப்பாரு? சித்திரையிலயே போய்ட்டாரு.

ஆமா, செத்துதான். மத்தியானம் சாப்ட்டுட்டு கரையில புங்க மரத்தடியில படுத்தவரு எந்திரிக்கல. அண்ணன் மவன் போன் பண்ணான். அவருகிட்ட எங்க வூட்டு நம்பர்னு இருந்தது என்னுதுதான், அதனால எனக்கு வந்துச்சி. அஞ்சலாட்சி அடுப்பாண்ட இருந்தா. யாருங்க போன்லன்னா. ரேஷன்ல பாமாயில் வந்துகீதாம்னேன். அப்படியே சட்டைய மாட்டிகினு பஸ்ஸு ஏறினேன். ஒரு மாலைய வாங்கிப் போட்டேன். பங்காளி முறையாச்சே, ஒரு தோள் குடுங்கன்னாங்க, குடுத்தேன். பம்புசெட்டுல தலைக்கு ஊத்திகினு, வேட்டி காயற வரைக்கும் வெயில்ல நின்னுட்டு வூட்டுக்குப் போனேன். பாமாயில் எங்கங்கன்னா. தீந்துபோச்சின்னேன்.

அவளுக்கு யாரு சொல்லுவா? அந்த ஊர்ல இப்ப அவ மனுஷங்க யாரும் இல்ல. தம்பிங்க ரெண்டு பேரும் மெட்ராஸ் போய்ட்டானுங்க. இவளும் முட்டி போனதுலேருந்து வாசப்படி தாண்டறதில்ல. நான்தான் சொல்லணும். நான் சொன்னாதான் உண்டு.

பெரிய மனசுன்னுலாம் சொல்லாத பாப்பா. அவ தாங்க மாட்டாளேன்னு நான் மறைக்கல. நல்லா தாங்குவா, அவ அப்பாவுக்கு மேல கெட்டி.

போன வருஷம் பாண்டியில பெரிய ஆஸ்பத்திரியில எனக்கு நெஞ்சுல கொழா வச்சாங்க. பக்கத்து பெட்டுக்காரனுக்கு வெறும் வாயு. அவன் பொண்டாட்டி அழுத அழுவையில நர்ஸம்மாங்க ஓடியாந்தாங்க. எங்க வூட்டம்மா ஒரு சொட்டு வுடல. கண்ண தொறந்து பாக்கறேன், தலமாட்டுல நின்னுகினு, பல்லு வெளக்கணுமாங்கன்னா. நான் அத தப்பா எடுத்துக்கல. இவ அழுவற ஜாதி இல்ல, எல்லாம் உள்ளயே வச்சிக்கிறவன்னு சொல்லி மனச தேத்திகினேன். அந்த நெனப்புலதான் ஓடிகினு கீது எனக்கு.

இப்ப நான் போய் இத சொல்றேன்னு வையி. அவ தலையில கைய வச்சிகினு, மாமா மாமான்னு அழுதுட்டான்னா?

அத எதிர்ல குந்திகினு நான் பாக்கணுமா? என்னால ஆவாது பாப்பா. மாமான்னு கூப்புட்டு சிரிச்சா கூட கேட்டுக்கலாம். கேட்டுகினுதான கீறேன். அழுதா முடியாது. அதுக்கு அவரு இருந்துட்டே போவட்டும்.

மூடிய அழுத்தாத. சொம்மா மேல வையி, போதும். அடுத்த மாசமும் அனுப்புவாரு, எனக்குன்னு கொஞ்சம் தனியா எடுத்து வையி.